மருந்தாய்வுச் சொற்கள்

மருந்தாய்வுச் சொற்கள் என்பன புதிய மருந்து, தடுப்பூசி, அறுவை முறை அல்லது நோய்க்கணிப்பு முறை ஒன்றை மனிதரிடம் ஆராயும்போதும், அவ்வாய்வின் முடிவுகளை அறிவிக்கும்போதும் மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் பயன்படுத்தும் கலைச்சொற்கள் ஆகும். இவற்றுட் சில நாளிதழ்ச் செய்திகளிலும், மருத்துவமனைகளில் நோயாளரிடம் கையொப்பம் பெறும் சம்மதப் படிவங்களிலும் இடம்பெறுகின்றன. "பாதுகாப்பு 27 விழுக்காடு", "இடர் பாதியாகக் குறைந்தது", "இரட்டை மறைப்பு ஆய்வு" போன்ற தொடர்களின் பொருள் தெரியாமல் ஒருவர் ஆய்வில் சேரவோ மறுக்கவோ முடிவெடுப்பது கடினம்.

இச்சொற்களை விளக்கத் தொலைதூர எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை. மருந்தாய்வு வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளுள் இரண்டு தமிழ்நாட்டில் நடந்தவை. ஒன்று 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை ஆய்வு. மற்றொன்று 1968 இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு. இக்கட்டுரை பெரும்பாலும் இவ்விரண்டையும் கொண்டே சொற்களை விளக்குகிறது.

சொல் வழக்கு

தமிழில் "சோதனை" என்னும் சொல் குருதிச் சோதனைக்கும் வழங்குகிறது, மருந்துச் சோதனைக்கும் வழங்குகிறது. முன்னது ஒரு நோயாளியின் நிலையை அறிவது; பின்னது ஒரு மருந்தின் நிலையை அறிவது. மருத்துவமனையில் "சோதனைக்கு ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் நோயாளி முதற்பொருளையே கொள்வது இயல்பு. இக்குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் நோயாளியிடம் செய்வது "பரிசோதனை" என்றும், மருந்தை ஆராய்வது "மருந்தாய்வு" என்றும் குறிக்கப்படுகின்றன. ஆய்வில் சேர்பவர் "பங்கேற்பாளர்" எனப்படுகிறார். உலக மருத்துவச் சங்கத்தின் எல்சிங்கிச் சாற்றுரை (1964) நெடுங்காலம் இவர்களை ஆய்வுக்கு "உட்பட்டோர்" என்ற பொருளுடைய சொல்லாற் குறித்து வந்தது. 2024 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அச்சொல் நீக்கப்பட்டுப் "பங்கேற்பாளர்" என்பது ஏற்கப்பட்டது.

சென்னை ஆய்வு: ஒப்பீடும் சமவாய்ப்பு ஒதுக்கீடும்

1950களில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. ஆயினும் நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காசநோய் இல்லத்தில், அதாவது சானடோரியத்தில், வைத்து ஓய்வும் நல்லுணவும் தூய காற்றும் அளிப்பதே முறையான சிகிச்சை எனக் கருதப்பட்டது. தாம்பரத்துக்கு அருகிலுள்ள தொடருந்து நிலையம் இன்றும் சானடோரியம் என்ற பெயரைத் தாங்கி நிற்பது அக்காலத்தின் எச்சமாகும். நோயாளரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இருந்த படுக்கைகள் மிகச் சில. எனவே "வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டால் போதாதா?" என்ற வினா ஏழை நாடுகளுக்கு உயிர் வினாவாக இருந்தது.

இதற்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956 இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையத்தை நிறுவின. இதன் முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர். இம்மையம் 1978 இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011 இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாற்றம் பெற்றது.

ஆய்வில் சேர்க்கப்பட்டோர் சென்னை நகரின் நெருக்கடி மிகுந்த ஏழ்மைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளர். ஒரு பகுதியினர் வீட்டிலும் மறு பகுதியினர் சானடோரியத்திலும் ஓராண்டு சிகிச்சை பெற்றனர். இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய இரு மருந்துகள் ஒன்றாக அளிக்கப்பட்டன. மருந்து ஒன்றாகவும் இடம் வேறாகவும் இருந்தமையால், முடிவில் வேறுபாடு தோன்றினால் அதற்கு இடமும் அதனோடு சேர்ந்த ஓய்வு, உணவு, கண்காணிப்பு ஆகியவையுமே காரணம் எனலாம். இவ்வாறு எதனோடு ஒப்பிடுகிறோமோ அக்குழு ஒப்பீட்டுக் குழு அல்லது கட்டுப்பாட்டுக் குழு எனப்படும். "கட்டுப்பாடு" என்பதற்கு இங்கே அடக்கி வைத்தல் என்று பொருளில்லை. ஆங்கிலச் சொல்லை நேராகப் பெயர்த்ததால் வந்த வழு இது. "ஒப்பீட்டுக் குழு" என்பதே பொருத்தமான சொல்.

இரு குழுக்களும் ஒரே காலத்தில் நடத்தப்பட்டமையால் இது உடன்நிகழ் ஒப்பீடு ஆகும். பத்தாண்டுக்கு முன் சானடோரியத்தில் இருந்தவர்களின் பதிவேட்டை எடுத்து இன்றைய வீட்டு நோயாளருடன் ஒப்பிட்டிருந்தால் அது வரலாற்று ஒப்பீடு. இடைப்பட்ட காலத்தில் மருந்து, உணவு, நோய் கண்டறியும் முறை எல்லாம் மாறியிருக்கும் என்பதால் அவ்வொப்பீடு வலுக்குறைந்தது.

எந்த நோயாளி எங்கே செல்வது என்பதை யார் முடிவு செய்வது? மருத்துவர் முடிவு செய்தால், மிகவும் நலிந்தவரைச் சானடோரியத்துக்கு அனுப்பவே அவர் மனம் விரும்பும். பின்னர் சானடோரியத்தில் இறப்பு மிகுந்தால் அது இடத்தின் குறையா, நோயின் கடுமையா எனப் பிரித்தறிய இயலாது. நோயாளியே முடிவு செய்தால் வீட்டில் ஆதரவு உள்ளவர் வீட்டையும், இல்லாதவர் சானடோரியத்தையும் நாடுவர். இவ்வாறு தெரிவு செய்யும் முறையாலேயே முடிவு ஒரு பக்கம் சாய்வது தெரிவுச் சாய்வு எனப்படும். இதனைத் தவிர்க்கவே சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் நோயாளர் பிரிக்கப்படுகின்றனர். இது சமவாய்ப்பு ஒதுக்கீடு. குடவோலை முறையை அறிந்த தமிழருக்கு இக்கருத்து புதிதன்று. ஆனால் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரே முக்கியம். இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டோரும் எஞ்சியோரும் எல்லா வகையிலும் ஒத்திருப்பதே முக்கியம். வயது, நோயின் கடுமை, வறுமை போன்ற அறிந்த பண்புகள் மட்டுமன்றி, எவரும் அளந்திராத பண்புகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பரவும் என்பதே இம்முறையின் சிறப்பு.

முடிவு பலருக்கு வியப்பளித்தது. சானடோரிய நோயாளர் நல்ல உணவும் நீண்ட ஓய்வும் பெற்றனர். எடையும் அவர்களுக்கே மிகுதியாகக் கூடியது. ஆயினும் சளியில் காசநோய்க் கிருமி மறைவதில் வீட்டுச் சிகிச்சை குறிப்பிடத்தக்க அளவில் பின்தங்கவில்லை. முதல் அறிக்கை 1959 இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளிவந்தது. தக்க சேவை அமைப்பு இருந்தால் பெரும்பாலான நோயாளருக்கு வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்பது அதன் முடிபு. வீட்டில் நோயாளி இருப்பதால் குடும்பத்தினருக்குத் தொற்று மிகுமோ என்ற அச்சமும் இருந்தது. உறவினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அதற்குச் சான்று கிட்டவில்லை. இவ்வாறு சிகிச்சை முடிந்த பின்னும் பங்கேற்பாளரைக் கண்காணித்து வருவது பின்தொடர்தல் எனப்படும்.

எதை அளப்பது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். அவ்வாறு தீர்மானித்த அளவை முதன்மை முடிவுக்குறி எனப்படும். சென்னை ஆய்வில் எடை கூடுதலை முதன்மை முடிவுக்குறியாகக் கொண்டிருந்தால் சானடோரியம் வென்றிருக்கும். எடை போன்ற அளவைகள் பதிலிக் குறிகள் ஆகும். குருதியிற் சர்க்கரை குறைந்தது, எலும்பின் அடர்த்தி கூடியது என்னும் செய்திகளைப் படிக்கும்போது, நோயாளியின் வாழ்நாள் நீண்டதா, எலும்பு முறிவு குறைந்ததா என்று அடுத்த வினாவையும் கேட்க வேண்டும்.

இன்னொரு சொல்லையும் இவ்விடத்தில் விளக்கலாம். சானடோரியத்துக்கு ஒதுக்கப்பட்ட ஒருவர் இரண்டு மாதத்தில் வீட்டு நினைவு தாங்காமல் ஓடிவந்துவிட்டார் எனக் கொள்வோம். கணக்கிடும்போது அவரை எக்குழுவிற் சேர்ப்பது? சானடோரியத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது இன்றைய விதி. இதற்கு ஒதுக்கீட்டுவழிப் பகுப்பாய்வு என்று பெயர். பார்வைக்கு இது முறையற்றதாகத் தோன்றும். ஆனால் ஓடிவந்தவரை நீக்கிவிட்டால் எஞ்சியிருப்போர் பொறுமையும் வசதியும் உடையோர் மட்டுமே. சீட்டுக் குலுக்கலால் கிடைத்த சமநிலை குலைந்துவிடும். மேலும், மனிதர் தப்பிச் செல்லும் சிகிச்சை எவ்வளவு சிறந்ததாயினும் ஊருக்கு முழுப்பயன் தராது. ஃபாக்ஸ் இதனை நன்கு உணர்ந்திருந்தார். வீட்டு நோயாளர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்பதைச் சென்னையில் ஆராய்ந்த அனுபவமே, வாரம் இருமுறை மட்டும் மருத்துவப் பணியாளர் முன்னிலையில் மருந்து அளிக்கும் முறைக்கு அம்மையத்தை இட்டுச்சென்றது.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

சென்னை ஆய்வுக்கு முன்னோடி பிரித்தானியாவில் நடந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. 1948 இல் வெளியான இவ்வாய்வின் சமவாய்ப்பு ஒதுக்கீட்டை வடிவமைத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் புள்ளியியலாளர். எந்த நோயாளி எக்குழு என்பது மூடி முத்திரையிட்ட உறைகளில் வைக்கப்பட்டது. சேர்க்கும் மருத்துவருக்கும் அது முன்கூட்டித் தெரியாது. இது ஒதுக்கீட்டு மறைப்பு எனப்படும். ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும் பெற்றோர் 55 பேர். ஓய்வு மட்டும் பெற்றோர் 52 பேர். ஆறு மாத முடிவில் முதற்குழுவில் 4 பேரும், இரண்டாங்குழுவில் 14 பேரும் இறந்திருந்தனர்.

இவ்வெண்களைக் கொண்டு இடர் பற்றிய சொற்களை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இறக்கும் இடர் முதற்குழுவில் 7 விழுக்காடு, இரண்டாங்குழுவில் 27 விழுக்காடு. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது ஒப்பீட்டு இடர். இங்கே ஏறத்தாழ 0.27. அதாவது மருந்து இறப்பை 73 விழுக்காடு குறைத்தது என்று கூறலாம். இது ஒப்பீட்டு இடர்க்குறைவு. இரண்டையும் கழித்தால் கிடைப்பது தனி இடர்க்குறைவு; இங்கே ஏறத்தாழ 20 விழுக்காட்டுப் புள்ளிகள். நூற்றில் இருபது பேர் காப்பாற்றப்பட்டால், ஒருவரைக் காக்க ஐவருக்கு மருந்தளிக்க வேண்டும். இந்த ஐந்து என்பது சிகிச்சைத் தேவை எண் ஆகும்.

விளம்பரங்கள் பெரும்பாலும் ஒப்பீட்டு இடர்க்குறைவை மட்டும் கூறும். ஆயிரத்தில் இருவருக்கு வரும் நோய் ஒருவருக்காகக் குறைந்தாலும் அது "50 விழுக்காடு குறைவு"தான். ஆனால் அங்கே ஒருவரைக் காக்க ஆயிரம் பேர் மருந்து உட்கொள்ள வேண்டும். பக்கவிளைவு ஆயிரம் பேரையும் தொடரலாம். எனவே விழுக்காட்டைக் காணும்போது "எதில் விழுக்காடு?" என்று கேட்பது நன்று.

ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் பிற்பகுதி அவ்வளவு மகிழ்ச்சியானதன்று. ஐந்தாண்டு முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் இறந்துவிட்டனர். அதாவது 58 விழுக்காடும் 67 விழுக்காடும். முன்பிருந்த பெரும் இடைவெளி சுருங்கிவிட்டது. ஒரே மருந்தைத் தனியாக அளித்தமையால் பலரிடம் கிருமி அம்மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுவிட்டதே முதன்மைக் காரணம். சென்னையில் இரு மருந்துகள் சேர்த்து அளிக்கப்பட்டமை இப்பாடத்தின் விளைவே. முடிவுக்குறியை ஆறு மாதத்தில் அளப்பதும் ஐந்தாண்டில் அளப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

செங்கல்பட்டு ஆய்வு: போலிமருந்தும் மறைப்பும்

பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுப்பதற்கென உருவானது. பிரித்தானியாவில் பள்ளி மாணவரிடம் நடந்த ஆய்வில் இது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பாதுகாப்பு அளித்தது. பிற சில இடங்களில் மிகக் குறைவாகவே அளித்தது. இம்முரணைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968 இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பேராய்வைத் தொடங்கியது. ஆய்வுப் பகுதி இன்றைய திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களாகும். ஏறத்தாழ 3,66,000 மக்கள் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,81,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்கு முழு அளவு பிசிஜி, ஒரு பகுதியினருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, எஞ்சியோருக்கு மருந்தற்ற நீர்மம்.

இவ்வாறு தோற்றத்தில் மருந்து போலவும் உள்ளீட்டில் மருந்தின்றியும் இருப்பது போலிமருந்து. ஆங்கிலத்தில் பிளசீபோ என வழங்கும் இதனைச் சிலர் "வெற்று மருந்து" என்றும் கூறுவர். போலி என்றதும் ஏமாற்று என்று கொள்ளக்கூடாது. மருந்து உட்கொண்டோம் என்ற நம்பிக்கையாலேயே வலி, தூக்கமின்மை போன்றவை தணிவதுண்டு. இது போலிமருந்து விளைவு. மருந்தின் விளைவை இந்த நம்பிக்கையின் விளைவிலிருந்து பிரிக்கவே போலிமருந்து தேவைப்படுகிறது. ஏற்கெனவே பயன் நிறுவப்பட்ட மருந்து இருக்கும்போது நோயாளிக்குப் போலிமருந்து மட்டும் அளிப்பது பொதுவாக நெறியன்று. அப்போது பழைய மருந்தே ஒப்பீடாக அமையும்.

எவருக்கு எது அளிக்கப்பட்டது என்பது பங்கேற்பாளருக்குத் தெரியாவிடின் ஒற்றை மறைப்பு. அளவிடும் மருத்துவருக்கும் தெரியாவிடின் இரட்டை மறைப்பு. செங்கல்பட்டு ஆய்வு இரட்டை மறைப்புடையது. மார்பு ஊடுகதிர்ப் படத்தில் மங்கலான நிழல் ஒன்றைக் காணும் மருத்துவர், அவர் தடுப்பூசி பெற்றவர் என்று அறிந்தால் "இது நோயன்று" என்று தள்ளிவிடக்கூடும். அவர் நேர்மையற்றவர் என்பதன்று. மனத்தின் இயல்பு அது. சென்னை ஆய்வில் வீட்டில் இருப்பதையும் சானடோரியத்தில் இருப்பதையும் நோயாளியிடமிருந்து மறைக்க வழியில்லை. இத்தகைய ஆய்வுகள் திறந்த ஆய்வுகள் எனப்படும். அவற்றில் சளியை ஆராயும் ஆய்வகத்துக்கேனும் குழு தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

செங்கல்பட்டில் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராகச் சென்று மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். முதல் அறிக்கை 1979 இல் வந்தது. பெரியோரிடம் பாதுகாப்பு ஏதும் தென்படவில்லை. பதினைந்தாண்டுப் பின்தொடர்தலின் முடிவு 1999 இல் வெளியானது. அதன்படி பெரியோருக்குப் பாதுகாப்பில்லை. சிறுவரிடம் 27 விழுக்காடு, 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி எதிர்மம் 8 முதல் 50 வரை.

இவ்வொற்றை வரியில் இரண்டு கலைச்சொற்கள் உள்ளன. முதலாவது, தடுப்பூசித் திறன். போலிமருந்துக் குழுவில் 100 பேருக்கு நோய் வந்த இடத்தில், அதே அளவுள்ள தடுப்பூசிக் குழுவில் 73 பேருக்கு வந்தால் திறன் 27 விழுக்காடு. தடுப்பூசி பெற்றவர்களில் 27 விழுக்காட்டினர் மட்டுமே காக்கப்பட்டனர் என்றோ, எஞ்சிய 73 விழுக்காட்டினருக்கும் நோய் வரும் என்றோ இதற்குப் பொருளில்லை. இப்பிழை கொரோனாக் காலத்தில் ஊடகங்களிலும் மலிந்திருந்தது.

இரண்டாவது, நம்பக இடைவெளி. ஆய்வு எவ்வளவு பெரிதாயினும் அது உண்மையின் ஒரு மாதிரியே. அதே ஆய்வைப் பலமுறை நடத்தி ஒவ்வொரு முறையும் இம்முறையில் ஓர் இடைவெளியைக் கணித்தால், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையான மதிப்பைத் தம்முள் அடக்கியிருக்கும். செங்கல்பட்டின் இடைவெளி சுழியத்துக்குக் கீழே எதிர்மம் 8 வரை செல்கிறது. அதாவது 50 விழுக்காட்டுப் பாதுகாப்பு முதல் சிறு தீங்கு வரை எதுவும் இத்தரவுகளுக்கு ஒத்துவரும். எனவே "27 விழுக்காடு பாதுகாப்பு" என்று மட்டும் எழுதுவது பாதிச் செய்தி.

இடைவெளியின் அகலத்தோடு தொடர்புடையது பி-மதிப்பு. உண்மையில் இரு குழுக்களிடையே வேறுபாடே இல்லை என வைத்துக்கொண்டால், கண்ட அளவோ அதனினும் மிகுதியாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு. இது 0.05 ஐ விடக் குறைந்தால் "புள்ளியியல் முதன்மை உடையது" எனும் வழக்கு உள்ளது. இந்த எல்லை இயற்கை விதியன்று, வழக்கமே. "மருந்து வேலை செய்யாமலிருக்கும் வாய்ப்பு 5 விழுக்காடு" என்று இதனைப் பொருள்கொள்வது பரவலான தவறு. முதன்மை என்ற சொல்லும் வழிதவறச் செய்யும்: மிகப்பெரிய ஆய்வில் மிகச்சிறிய, நோயாளிக்குப் பயனற்ற வேறுபாடும் புள்ளியியல் முதன்மை பெறும்.

செங்கல்பட்டு முடிவு இந்தியாவில் பிசிஜியைக் கைவிடச் செய்யவில்லை. குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளையுறை அழற்சி போன்ற கடும் வகைகளுக்கு எதிராக அது பயன் தருவதாகப் பிற ஆய்வுகள் காட்டியுள்ளமையால், பிறந்த குழந்தைக்கு இன்றும் போடப்படுகிறது. ஓரிடத்தில் கிடைத்த முடிவு மற்றோரிடத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது புறப்பொருந்துகை எனப்படும். பிரித்தானியாவுக்கும் செங்கல்பட்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டுக்கு, இங்குள்ள மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோயல்லாத மைக்கோபாக்டீரியங்களின் தொடர்பு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

நோய்க்கணிப்புச் சொற்கள்: திருவண்ணாமலைக் கணக்கு

பரிசோதனைகளின் தரத்தைக் குறிக்கும் சொற்களை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். திருவண்ணாமலையில் முழுநிலவு நாளில் கிரிவலம் வரும் பெரியோரில் ஒரு இலட்சம் பேருக்குக் காசநோய்ப் பரிசோதனை செய்வதாகக் கொள்வோம். அவர்களுள் 300 பேருக்கு நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

நோயுள்ளவரைச் சரியாகப் பிடிக்கும் ஆற்றல் உணர்திறன். அது 90 விழுக்காடெனில் 300 பேரில் 270 பேர் பிடிபடுவர். 30 பேர் தவறிப்போவர். இவர்கள் பொய் எதிர்மறையர். நோயில்லாதவரை "இல்லை" என்று சரியாகக் கூறும் ஆற்றல் தனித்திறன். அது 95 விழுக்காடெனில், நோயில்லாத 99,700 பேரில் 4,985 பேருக்குத் தவறாக "நோய் உண்டு" என்று வரும். இவர்கள் பொய் நேர்மறையர். ஆக "நோய் உண்டு" என்று வந்தோர் மொத்தம் 5,255. அவர்களுள் உண்மையில் நோயுள்ளோர் 270 பேர், அதாவது நூற்றுக்கு ஐவரே. இந்த ஐந்து விழுக்காடு நேர்மறைக் கணிப்பு மதிப்பு எனப்படும்.

90, 95 என்ற நல்ல எண்களையுடைய பரிசோதனையிலும் நேர்மறை வந்தவர்களில் இருபதில் பத்தொன்பது பேர் நோயற்றோராய் இருப்பது முதலில் நம்புதற்கரியது. நோய் அரிதாக இருப்பதே காரணம். இதே பரிசோதனையை, மூன்று வாரம் இருமலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் செய்தால் கணிப்பு மதிப்பு பன்மடங்கு உயரும். எனவே திரளணிப் பரிசோதனையில் நேர்மறை வந்தவருக்கு உறுதிப்படுத்தும் மறுபரிசோதனை கட்டாயம். முதல் தாளைக் கண்டே நோயாளி என முடிவுகட்டுவதும், ஊரார் ஒதுக்குவதும் பிழை.

இக்கணக்கில் இன்னொரு சாய்வும் ஒளிந்துள்ளது. கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அதனை வெறுங்காலோடு நடந்து முடிப்பவர் ஓரளவு உடல்நலம் உடையவர். மூச்சுவாங்கிப் படுத்திருப்பவர் வரமாட்டார். அவர்களை மட்டும் எண்ணி மாவட்டத்தின் நோய்ப் பரவலைக் கணித்தால் விடை குறைவாகவே வரும். "கிரிவலம் வருவோருக்கு நோய் குறைவு" என்று எவரேனும் கண்டறிந்தால், நடந்ததால் நலமா, நலமாக இருந்ததால் நடந்தாரா என்ற வினா எஞ்சும். முன்னது காரணம், பின்னது தலைகீழ்க் காரணம். நடப்பவர் புகைபிடிக்காதவராகவும் இருக்கலாம். அப்போது புகைபிடியாமை குழப்பு காரணி ஆகும்.

ஒரு குறிப்பிட்ட நாளில் நோயோடு இருப்பவர்களின் பங்கு பரவல்; ஓராண்டில் புதிதாக நோய் பெறுவோரின் வீதம் நிகழ்வு வீதம். ஏரியில் தேங்கியுள்ள நீர் பரவல் எனில், வாய்க்கால் வழி வந்து சேரும் நீர் நிகழ்வு. ஒரு நோயைக் குணப்படுத்தாமல் நோயாளரின் வாழ்நாளை மட்டும் நீட்டும் மருந்து பரவலைக் கூட்டும். அதனைத் தோல்வி என்று கருதக்கூடாது.

கவனிப்பாய்வும் தொகுதி ஆய்வும்

ஆய்வாளர் எதையும் அளிக்காமல் நடப்பதைப் பார்த்துப் பதிவது கவனிப்பாய்வு. மக்கட்குழு ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பது திரளாய்வு. நோயுற்றோரையும் நோயற்றோரையும் எடுத்து அவர்தம் பழைய வாழ்வை ஒப்பிடுவது நோயர்-ஒப்பீட்டு ஆய்வு. புகையிலைக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பு இவ்வாய்வுகளாலேயே நிறுவப்பட்டது. ஒருவரைச் சீட்டுக் குலுக்கிப் புகைபிடிக்கச் சொல்ல இயலாதல்லவா?

தனி மனிதருக்குப் பதிலாக ஊர்களையோ குடும்பங்களையோ பிரித்து ஒதுக்குவது தொகுதி ஒதுக்கீடு. 2019 முதல் 2022 வரை சார்க்கண்டில் நடந்த ரேசன்ஸ் ஆய்வு இவ்வகையினது. காசநோயாளர் 2,800 பேரின் குடும்பத்தினருக்கு உணவுப் பொருள் வழங்கியதில், அவர்களிடம் புதிய காசநோயின் நிகழ்வு வீத விகிதம் 0.61 ஆகக் குறைந்தது. நம்பக இடைவெளி 0.43 முதல் 0.85 வரை. விகிதங்களில் வேறுபாடின்மையைக் குறிப்பது சுழியம் அன்று, ஒன்று. இவ்விடைவெளி ஒன்றைத் தொடாமையால் முடிவு உறுதியானது. சென்னை ஆய்வு உணவை முதன்மையற்றதாகக் காட்டியது, இதுவோ முதன்மையானதாகக் காட்டுகிறது என்று சிலர் முரண் காண்பதுண்டு. முன்னது மருந்து உண்ணும் நோயாளரின் சளியில் கிருமி மறைவதை அளந்தது. பின்னது நோயற்ற உறவினருக்கு நோய் வருவதை அளந்தது. வினா வேறு, விடையும் வேறு.

ஆய்வுக் கட்டங்கள்

புதிய மருந்து ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் ஆராயப்பட்ட பின் மனிதரிடம் நான்கு கட்டங்களாக ஆராயப்படும். முதற்கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பும் அளவும், இரண்டாங்கட்டத்தில் சில நூறு நோயாளரிடம் பயனுக்கான அறிகுறியும், மூன்றாங்கட்டத்தில் பெருந்தொகையினரிடம் ஒப்பீடும் நடைபெறும். மருந்து விற்பனைக்கு வந்த பின் அரிய பக்கவிளைவுகளைக் கண்காணிப்பது நான்காங்கட்டம். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை மூவாயிரம் பேரைக் கொண்ட மூன்றாங்கட்டம் பெரும்பாலும் காணாது.

அறிந்த சம்மதமும் பதிவும்

ஆய்வின் நோக்கம், முறை, தீங்கு, மாற்றுவழி ஆகியவற்றை விளங்கிக்கொண்டு ஒருவர் தாமாக அளிக்கும் ஒப்புதல் அறிந்த சம்மதம் ஆகும். 1948 ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் ஒப்பீட்டுக் குழுவினருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று அது ஏற்கப்படாது. இந்தியாவில் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள் 2019 இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி எழுதப்படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். புதிய வேதிப்பொருள் ஆய்வுகளில் எளிதிற் பாதிக்கப்படக்கூடிய பங்கேற்பாளரிடம் சம்மதம் பெறுவது ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். எச்ஐவி, தொழுநோய் மருந்தாய்வுகளில் முகம் வெளிப்படாதிருக்க ஒலிப்பதிவு மட்டும் போதும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு.

ஆய்வை முன்கூட்டி ஆராய்ந்து ஒப்புதல் தருவது நெறிமுறைக் குழு. இதில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருக்க வேண்டும். மருத்துவரல்லாத பொதுமகன் ஒருவரும், பெண் ஒருவரும், சட்டம் அறிந்தவர் ஒருவரும் கட்டாயம். உறுப்பினரிற் பாதிப்பேராவது அந்நிறுவனத்தைச் சாராதவராதல் வேண்டும்.

படிவம் கொடுக்கப்பட்டாலும் தவறான புரிதல் நேர்வதுண்டு. "மருத்துவர் எனக்கு ஏற்றதைத்தான் தேர்ந்தெடுப்பார்" என்று பங்கேற்பாளர் நம்புவதும், உண்மையில் சீட்டுக் குலுக்கலே தேர்ந்தெடுப்பதும் சிகிச்சை மயக்கம் எனப்படும். எனவே சேரும் முன் கேட்க வேண்டியவை சில: எனக்கு எது அளிக்கப்படும் என்பதை யார் தீர்மானிப்பார்? போலிமருந்து உண்டா? இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? விலகும் உரிமை எப்போதும் உண்டு. அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை.

இந்திய மருந்தாய்வுப் பதிவகம் 2007 சூலை 20 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தால் தொடங்கப்பட்டது. 2009 சூன் 15 முதல் மருந்தாய்வுகளை இதில் முன்கூட்டிப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. முதன்மை முடிவுக்குறி, பங்கேற்பாளர் எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழு ஆகியவை ஆய்வு தொடங்கும் முன்பே அங்கே பதியப்படுகின்றன. சாதகமான முடிவுகளை மட்டும் வெளியிட்டுப் பிறவற்றை மறைக்கும் வெளியீட்டுச் சாய்வைக் குறைப்பதே இதன் நோக்கம். பதிவகத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சம்மதப் படிவத்தில் உள்ள பதிவெண்ணை அங்கே தேடினால் ஆய்வின் விவரம் கிடைக்கும்.